ஜெயில் முடிஞ்சது... தண்டனை முடியலை!



போன வாரம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. பேசி முடிச்சுட்டு கேன்டீனில் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்து டேபிளில் செம சண்டை. நாலு பேர், ஒரு தட்டு பஜ்ஜி, நடுவில் ஒரு நியூஸ் பேப்பர். 'தண்டனை முடிந்த வெளிநாட்டுக் கைதிகள் நாடு கடத்தல்' என்று ஏதோ ஒரு செய்தி.

"தப்பு பண்ணினவன் எந்த ஊர்க்காரனோ அந்த ஊருக்கே பார்சல் பண்ணிட வேண்டியதுதானே? இதில் யோசிக்க என்ன இருக்கு?" இது ஒரு மெக்கானிக்கல் தம்பி.

"சரி, அனுப்பு. ஆனா, அவன் ஊர் எதுன்னு யார் முடிவு பண்றது?" இது விஸ்காம் படிக்கிற ஒரு தங்கச்சி.

பஜ்ஜி தீர்ந்துடுச்சு. சண்டை தீரலை. "அண்ணா, நீங்களே சொல்லுங்க"ன்னு என்னையும் உள்ளே இழுத்தாங்க. நல்லவேளை, மணி அடிச்சது. தப்பிச்சேன்னு நினைச்சேன். ம்ஹூம்... அந்தத் தங்கச்சி கேட்ட கேள்வி என்கூடவே பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்துடுச்சு. அதனால் இந்த வாரம் அதுதான் மேட்டர்.

முதலில் ஒரு டான்ஸரைப் பற்றிச் சொல்றேன். அப்புறம் சட்டம்.

பார்க்காத ஊருக்கு 'திரும்பிப்' போனவர்

அவர் பேர் துய் சோபில். எல்லோரும் கூப்பிடறது 'கே.கே.' அப்பா, அம்மா கம்போடியாக்காரங்க. 1975-லிருந்து 1979 வரை கம்போடியாவை கெமர் ரூஜ் ஆண்டது. அந்த நாலு வருஷத்துக்குள் கொலை, பட்டினி, நோய் என்று பதினைந்து லட்சம் பேருக்கு மேல் செத்தாங்க. தப்பியவங்க காட்டு வழியா நடந்தே தாய்லாந்து எல்லைக்குப் போய், அகதி முகாம்களில் ஒதுங்கினாங்க. அப்படி ஒரு முகாமில் பிறந்தவர்தான் கே.கே. கைக்குழந்தையா இருக்கும்போதே குடும்பத்தோடு அமெரிக்கா போயாச்சு. கலிஃபோர்னியாவில் லாங் பீச் என்ற ஊர்.

கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா? ஆனா, போய் இறங்கின இடம் கேங்க் சண்டைகளுக்குப் பேர்போன ஏரியா. அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. பார்த்த கொலைகளே ராத்திரி தூங்க விடாது. பிள்ளைகளை ஸ்கூலிலும் தெருவிலும் அடிக்க ஆள் இருந்தாங்க. காப்பாத்த ஆள் இல்லை. பல பசங்களுக்குப் பாதுகாப்பா தெரிஞ்சது ஏதாவது ஒரு கேங்க். கே.கே-வும் சேர்ந்தார். ஒரு பக்கம் பிரேக் டான்ஸ், இன்னொரு பக்கம் கேங்க். 18 வயசில் ஆயுதத்தோடு கொள்ளை என்ற வழக்கில் மாட்டினார். ஜெயில்.

செஞ்ச தப்புக்குத் தண்டனை. அதில் நமக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஆனா, தண்டனைக் காலம் முடிஞ்சபோது கேட் திறந்து, "வீட்டுக்குப் போப்பா"ன்னு யாரும் சொல்லலை. "நீ அமெரிக்கக் குடிமகன் இல்லை"ன்னு சொன்னாங்க. 2004-ல் அவரைப் பிளேன் ஏத்தி, கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னில் இறக்கிவிட்டாங்க. அரசாங்கத் தாளில் இதுக்குப் பேர் 'திருப்பி அனுப்புதல்'. கம்போடிய மண்ணை அவர் மிதிச்சதே அன்னிக்குத்தான் முதல் தடவை! அவருடைய சின்னப் பையன் அமெரிக்காவில்.

புனோம் பென்னில், போதைக்கு அடிமையானவங்களுக்கு உதவுற ஒரு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தார். 'இந்த ஆள் டான்ஸ் ஆடுவாராம்' என்று எப்படியோ தெருப் பசங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. வீட்டு வாசலில் வந்து நின்னாங்க. "கத்துக் கொடுங்க"ன்னு கேட்டாங்க. முதலில் முடியாதுன்னு விரட்டினார். விடலை. கடைசியில் வீட்டுத் தரையிலேயே வகுப்பு ஆரம்பமாச்சு. அதுதான் 'டைனி டூன்ஸ்'. டான்ஸோட சேர்த்துப் படிப்பு, எய்ட்ஸ் விழிப்புணர்வு, போதைப் பக்கம் போகாதே என்ற பாடம். நூற்றுக்கணக்கான பசங்க அங்கே வந்து போயிருக்காங்க.

'ஆஹா, திருந்திட்டாரே... சுபம்!' அப்படின்னு கார்டு போட்டுடாதீங்க. எல்லோரும் கே.கே. ஆகிடலை. அவரைப் போலவே அனுப்பப்பட்டவர்களில் போதையில் விழுந்தவங்க உண்டு. தற்கொலை செஞ்சுக்கிட்டவங்களும் உண்டு. கம்போடிய எழுத்து படிக்கத் தெரியாது, உறவு இல்லை, உடம்பு முழுக்க டாட்டூ இருப்பதால் வேலை கொடுக்கவும் பயப்படுவாங்க. கொஞ்சம் யோசிங்க. நாளைக்கு உங்களை ஒரு ஊரில் இறக்கிவிட்டு, 'இதான் உன் சொந்த ஊர்'னு சொன்னா எப்படி இருக்கும்?

ஒரு பேப்பர் பண்ணின வேலை

நீங்க கேட்பீங்க, "இருபது வருஷத்துக்கு மேல அங்கே இருந்தவர் எப்படிங்க குடிமகன் இல்லாம போனார்?"

சிம்பிள். அகதியா வந்தவங்களுக்கு கிரீன் கார்டு கிடைச்சுது. அது நிரந்தரமா தங்க அனுமதி. குடியுரிமை வேறே. அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும், இங்கிலீஷில் தேர்வு எழுதணும், ஃபீஸ் கட்டணும். 'நிரந்தரம்'னு போட்டிருக்கே, அப்புறம் என்னன்னு நிறைய பெற்றோர் விட்டுட்டாங்க. அவங்க எடுத்திருந்தா, 18 வயசுக்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் தானாவே வந்திருக்கும். அதாவது, அப்பா நிரப்பாத ஒரு ஃபாரத்துக்கு மகன் நாடு கடத்தப்பட்டான்.

அடுத்தது 1996. அமெரிக்கா அந்த வருஷம் இரண்டு சட்டங்களை அடுத்தடுத்துக் கொண்டுவந்தது. 'கடுமையான குற்றம்' என்று ஒரு பட்டியல் ஏற்கெனவே இருந்தது. 1988-ல் அதில் இருந்தது கொலை, போதைப்பொருள் கடத்தல், ஆயுதக் கடத்தல் மட்டும்தான். 1996-ல் பட்டியல் அனுமார் வால் மாதிரி நீண்டுபோச்சு. ஒரு வருஷத் தண்டனை விதிக்கப்பட்ட திருட்டுகூட உள்ளே வந்துடுச்சு. அந்த ஒரு வருஷத்தை ஜட்ஜ் நிறுத்திவைத்து, ஒரு நாள்கூட உள்ளே போகாம வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் கணக்கு கணக்குதான்!

இதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. புது வரையறை பழைய குற்றங்களுக்கும் பாய்ஞ்சுது. அதோட, இந்தப் பட்டியலுக்குள் விழுந்தவரிடம் "எத்தனை வருஷமா இங்கே இருக்கே? பிள்ளைகள் யார்? திருந்திட்டியா?" என்று எடைபோட்டுப் பார்த்து மன்னிக்கும் அதிகாரம், குடியேற்ற நீதிபதியின் கையிலிருந்து பெரும்பாலும் பறிபோச்சு.

ஒரே தெரு. ஒரே குற்றம். ரெண்டு பசங்க. ஒருத்தன் ஆஸ்பத்திரியில் பிறந்தது லாங் பீச்சில். இன்னொருத்தன் பிறந்தது முகாமில். முதல் பையனுக்கு ஜெயிலோடு தண்டனை முடியுது. ரெண்டாவது பையனுக்கு ஜெயிலுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

எந்த நாடும் ஏத்துக்கலைன்னா?

இப்ப இன்னொரு சிக்கல். அனுப்பணும்னு முடிவாச்சு, ஆனா அந்த நாடு "எங்களுக்கு வேண்டாம்"னு சொல்லிட்டா?

கெஸ்டுடிஸ் ஜாட்விடாஸ் என்பவர் 1948-ல் ஜெர்மனியில் இருந்த ஒரு அகதி முகாமில் பிறந்தவர். பெற்றோர் லிதுவேனியாக்காரர்கள். எட்டு வயசில் அமெரிக்கா வந்தார். போதைப்பொருள் உட்பட நீளமான குற்றப் பட்டியல். வெளியே அனுப்ப உத்தரவு ஆச்சு. ஜெர்மனி, "எங்க குடிமகன் இல்லை"ன்னது. லிதுவேனியாவும் கையை விரிச்சுது. அப்போ எங்கே வைக்கறது? தடுப்புக் காவலில்தான்!

கூடவே கிம் ஹோ மா என்ற இளைஞரின் வழக்கு. கம்போடியாவில் பிறந்து, முகாம்களில் வளர்ந்து, ஏழு வயசில் அமெரிக்கா வந்தவர். 17 வயசில், கேங்க் தகராறில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மனிதக் கொலைக் குற்றவாளி ஆனார். 38 மாதத் தண்டனை. அது முடிஞ்சும் விடலை. அப்போது கம்போடியாவோடு அமெரிக்காவுக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தமே கிடையாது. அனுப்பவும் முடியாது, விடவும் மாட்டோம்.

இந்த ரெண்டு வழக்கும் சேர்ந்தே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 2001 ஜூனில் தீர்ப்பு. ஐந்துக்கு நான்கு. 'அனுப்ப வழியே தெரியாதபோது காலவரையின்றி அடைத்து வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆறு மாதம் ஆகியும் அருகில் வாய்ப்பு தெரியவில்லை என்றால், அரசுதான் காரணம் காட்ட வேண்டும்' என்பது அதன் சாரம்.

கிம் ஹோ மா ஜெயிச்சுட்டார்! ஆனா கதை அங்கே முடியலையே... 2002 மார்ச்சில் அமெரிக்காவும் கம்போடியாவும் ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. அதே வருஷம் அவர் கம்போடியாவுக்கு அனுப்பப்பட்டார். உச்ச நீதிமன்றத்தில் வழக்கை ஜெயிச்சவர், அடுத்த வருஷமே அந்த நாட்டில் இல்லை.

இந்த 'ஆறு மாசம்' என்ற யோசனைக்கு முன்னாடியே ஒரு இந்தியர் வழி காட்டியிருக்கார், தெரியுமா? ஹர்தியால் சிங். பிரிட்டனில் திருட்டுக் குற்றத்துக்காக டர்ஹம் சிறையில் இருந்தார். தண்டனை முடிஞ்சும், நாடு கடத்த வேண்டிய பயணத் தாள் தயாராகலைன்னு மாசக்கணக்கில் உள்ளேயே வெச்சிருந்தாங்க. 1983 டிசம்பரில் நீதிபதி உல்ஃப் சொன்ன தீர்ப்பு இதுதான்: அனுப்புவதற்காக மட்டுமே அடைக்கலாம், அதுவும் நியாயமான காலம் வரைக்கும்தான், அதிகாரிகள் வேகமா வேலை பார்க்கணும். இன்னிக்கும் பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் அதுக்குப் பேர் 'ஹர்தியால் சிங் கோட்பாடுகள்'. வீடு புகுந்து திருடின ஒருத்தரோட பேரில் ஒரு சுதந்திரக் கோட்பாடு! சட்டத்தில் இப்படித்தாங்க. உரிமை என்பது பெரும்பாலும் நமக்குப் பிடிக்காத ஆள் போட்ட வழக்கில்தான் பிறக்குது.

அந்தப் பக்கமும் பார்க்கணும்ல?

மெக்கானிக்கல் தம்பி இதைப் படிச்சா, "அண்ணா, ஒரு தலைப்பட்சமா பேசறீங்க"ன்னு சொல்வான். சொல்லணும். அடிபட்டவர், பறிகொடுத்தவர், உயிரை இழந்தவரின் குடும்பம்... அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. வேறு நாட்டுக்காரர் ஒருவர் கடுமையான குற்றம் செஞ்சா, தண்டனைக்குப் பிறகு வெளியே அனுப்பும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. போன மாசம் விசாவில் வந்து ஏ.டி.எம். கார்டு மோசடி செஞ்சவரை ஊருக்கு அனுப்பினா யாருக்கு என்ன வருத்தம்?

பிரச்னை எங்கே வருதுன்னா, ஆளைப் பார்க்காம ஃபைலை மட்டும் பார்க்கும்போது. சில சமயம் ஃபைலைக்கூடப் பார்க்காதபோது!

2006 ஏப்ரல். பிரிட்டனில் உள்துறை அமைச்சர் சார்லஸ் கிளார்க் ஒரு குண்டைப் போட்டார். 1999-லிருந்து 2006 மார்ச் வரை, 1,023 வெளிநாட்டுக் கைதிகள் தண்டனை முடிஞ்சு வெளியே போயிருக்காங்க. அவங்களை நாடு கடத்தணுமா வேண்டாமா என்று யாரும் பரிசீலிக்கவே இல்லை! அதில் கொலைக் குற்றவாளிகளும் இருந்தாங்க, பாலியல் வன்முறைக் குற்றவாளிகளும் இருந்தாங்க. நாடே கொதிச்சுது. மே மாசம் கிளார்க்கின் பதவி போச்சு.

அப்புறம் என்ன செஞ்சாங்க? உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்தாங்களா? இல்லை. அப்படியே எதிர்ப்பக்கம் சாய்ஞ்சாங்க. 'பொதுவாக விடுதலை, தேவைப்பட்டால் மட்டும் காவல்' என்று வெளியே சொன்ன கொள்கை ஒண்ணு. உள்ளுக்குள் ரகசியமா நடந்தது வேறே. தண்டனை முடிஞ்ச வெளிநாட்டவர் என்றால் கிட்டத்தட்ட எல்லோரையும் அடைச்சு வை! இது 2008 வரைக்கும் ஓடிச்சு. 2011 மார்ச்சில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் இது சட்டவிரோதம்னு தீர்ப்பு சொல்லுச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு எவ்வளவு தெரியுமா? ஒரு பவுண்டு! சரியான கொள்கைப்படி பார்த்திருந்தாலும் அவங்களை அடைச்சுத்தான் இருப்பாங்க என்பதால், பேருக்கு ஒரு பவுண்டு.

ஒரு பவுண்டுன்னா ஒரு டீ செலவுக்குக்கூடப் பத்தாது. ஆனா, அந்தத் தீர்ப்பு சொன்ன விஷயம் பெரிசு: கெட்டவனா இருந்தாலும் சரி, அரசாங்கம் ஒரு விதியை வெளியே சொல்லி, வேறு விதியை ஒளிச்சு வைக்கக் கூடாது.

இதுக்கு நடுவிலேயே, 2007-ல் ஒரு சட்டம் போட்டாங்க. 12 மாசம் அல்லது அதுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்ற வெளிநாட்டவருக்கு, சில விதிவிலக்குகள் தவிர, தானாகவே நாடு கடத்தல் உத்தரவு. முதலில் யாரையுமே பார்க்கலை. அப்புறம் எல்லோரையும் ஒரே மாதிரி பார்த்தாங்க. ரெண்டும் ஒரே தப்புதான். ஆளைப் பார்க்காத தப்பு.

நம்ம திருச்சியிலும்...

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை"ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள் ஒரு 'சிறப்பு முகாம்' இருக்கு. பேர்தான் முகாம். உள்ளே இருக்கறவங்க நினைச்சா வெளியே வர முடியாது. வழக்கு நடக்கறவங்க, தண்டனை முடிஞ்சவங்க, ஊருக்கு அனுப்பக் காத்திருக்கிறவங்க என்று வெளிநாட்டவர்களை அங்கே வைக்கிறாங்க. அதில் பெரும்பாலானோர் இலங்கைத் தமிழர்கள். வெள்ளைக்காரன் காலத்து முடிவில், 1946-ல் வந்த வெளிநாட்டினர் சட்டம்தான் நீண்ட காலம் இதுக்கு அடிப்படை. 2025-ல் அதுக்குப் பதிலா புதுச் சட்டம் வந்திருக்கு.

ராஜீவ் காந்தி கொலை வழக்கு உங்களுக்குத் தெரியும். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அவரோடு சேர்ந்து இன்னும் பலர் செத்தாங்க. அந்த வழக்கைப் பற்றி உங்க வீட்டில் ஒரு கருத்து இருக்கும், பக்கத்து வீட்டில் நேர் எதிர்க் கருத்து இருக்கும். அதுக்குள் நான் போகலை. அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் பாருங்க.

2022 நவம்பர் 11. உச்ச நீதிமன்றம் மீதமிருந்த ஆறு பேரை விடுதலை செய்தது. ஒரே வழக்கு, ஒரே உத்தரவு, ஒரே நாள். நளினி, ரவிச்சந்திரன் இந்தியக் குடிமக்கள். வெளியே வந்து வீட்டுக்குப் போனாங்க. சாந்தன், முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் இலங்கைக் குடிமக்கள். ஜெயில் கதவைத் தாண்டினதும் வண்டி நேரே போனது திருச்சி சிறப்பு முகாமுக்கு.

லாங் பீச்சில் பார்த்தோமே, அதே கணக்குதான். ஒரு பேப்பர் இருந்தா வீடு, இல்லைன்னா முகாம்.

ஒரே ஒரு வித்தியாசம். கே.கே. போக விரும்பலை, அனுப்பிட்டாங்க. சாந்தன் போக விரும்பினார். வயசான அம்மாவைப் பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தார். பயணத் தாள், ஒப்புதல், இந்த அலுவலகம், அந்த அலுவலகம் என்று மாசங்கள் ஓடிச்சு. அதுக்குள்ளே கல்லீரல் கெட்டுப்போச்சு. போகலாம் என்ற அனுமதி வந்து சேர்ந்த சில நாளில், 2024 பிப்ரவரி 28 அன்று, சென்னை அரசு மருத்துவமனையில் இறந்துட்டார். ஊருக்குப் போய்ச் சேர்ந்தது உடம்பு மட்டும்தான். மற்ற மூணு பேரும் அந்த ஏப்ரல் 3-ந் தேதி கொழும்புக்கு விமானம் ஏறினாங்க. 'விடுதலை'க்கும் விமானத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட 17 மாசம்.

தண்டனை கொடுத்த கோர்ட்டே போதும்னு சொன்ன பிறகு அந்த 17 மாசம் எந்தக் கணக்கில் வரும்? எந்தக் குற்றத்துக்கு? இதைக் கேட்க, அவங்க செஞ்சது சரின்னு நீங்க நினைக்கணும்னு அவசியமே இல்லை. காலண்டரைப் பார்த்தாலே போதும்.

யாரோட ஊரும் இல்லாத ஊர்

கடைசியா ஒண்ணு. 2025 ஜூலையில் அமெரிக்கா ஐந்து பேரை ஆப்பிரிக்காவில் எஸ்வாட்டினி என்ற குட்டி நாட்டுக்கு அனுப்பியது. முன்பு சுவாசிலாந்துன்னு படிச்சிருப்பீங்களே, அதுதான். ஐந்து பேரும் குற்றத் தண்டனை பெற்றவர்கள். ஒருத்தர் வியட்நாம், ஒருத்தர் ஜமைக்கா, ஒருத்தர் லாவோஸ், ஒருத்தர் கியூபா, ஒருத்தர் ஏமன். எஸ்வாட்டினிக்காரர் எத்தனை பேர்? பூஜ்யம்! போய் இறங்கினதும் எங்கே வெச்சாங்க? அங்கே இருக்கிற ஜெயிலில்!

அதே மாசம் இன்னொரு எட்டுப் பேர் தெற்கு சூடானில் இறக்கப்பட்டாங்க. அதில் அந்த நாட்டுக்காரர் ஒரே ஒருத்தர்.

கேன்டீனில் தம்பி சொன்னது ஞாபகம் இருக்கா? "எந்த ஊர்க்காரனோ அந்த ஊருக்கே அனுப்பணும்." பாவம் தம்பி... உலகம் அவனையும் தாண்டிப் போயிடுச்சு. இப்ப எந்த ஊர்க்காரனா இருந்தாலும் எந்த ஊருக்கு வேணும்னாலும் அனுப்பலாம்ங்கற இடத்துக்கு வந்து நிக்கறோம்.

ஃப்ளைட் ஏறப்போற நண்பர்களுக்கு...

உங்களில் பல பேர் எம்.எஸ்., எம்.பி.ஏ. என்று அப்ளிகேஷன் போட்டுக்கிட்டு இருப்பீங்க. பயமுறுத்தலை. மூணே மூணு விஷயம் மனசில் வெச்சுக்குங்க.

ஒண்ணு: வெளிநாட்டில் போலீஸ் பிடிச்சா, "எங்க நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்க"ன்னு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 1963-ம் வருஷத்து வியன்னா ஒப்பந்தம் கொடுத்த உரிமை. வெட்கப்பட்டுக்கிட்டு விட்டுடாதீங்க.

ரெண்டு: "ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடு, ஃபைனோட முடிஞ்சிடும்"னு யாராவது சொன்னா உடனே பேனாவை எடுக்காதீங்க. 'இது என் விசாவை என்ன செய்யும்?' என்று முதலில் கேளுங்க. ஹோசே படியா என்று ஒரு ஹோண்டுராஸ்காரர். அமெரிக்காவில் 40 வருஷத்துக்கு மேல் சட்டப்படி வாழ்ந்தவர். வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காக ராணுவத்தில் இருந்தவர். கஞ்சா கடத்தல் வழக்கில் மாட்டினபோது, "இத்தனை வருஷமா இருக்கீங்க, உங்களை யாரு அனுப்பப் போறா?"ன்னு அவருடைய வக்கீலே சொன்னார். நம்பி ஒத்துக்கிட்டார். நாடு கடத்தல் கிட்டத்தட்ட நிச்சயம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது! 2010-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்னுது. குற்றத்தை ஒத்துக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டு என்று கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமைன்னு சொல்லிடுச்சு. அங்கே இலவச வக்கீல் வந்தாலும் இந்தக் கேள்வியை நீங்களே கேட்டுடுங்க.

மூணு: கடையில் ஒரு சட்டையைப் பையில் போட்டுக்கிறது, போதையில் வண்டி ஓட்டுறது... ஊர்ப் பையனுக்கு அது ஒரு கெட்ட நாள். உங்களுக்கு அது ஒன்வே டிக்கெட் ஆகலாம்.

அந்தத் தங்கச்சிக்கு...

உன் கேள்விக்கு இப்ப பதில் சொல்றேன்மா. அன்னிக்கு மணி அடிச்சதைச் சாக்கா வெச்சு நழுவிட்டேன், ஸாரி.

அவன் ஊர் எதுன்னு பாஸ்போர்ட் பாதிதான் சொல்லும். மீதியை அவன் முதன்முதலா நடக்கக் கத்துக்கிட்ட தெரு சொல்லும். அவன் எந்த மொழியில் கனவு காண்கிறானோ அது சொல்லும். அவனைக் கெடுத்ததும் அந்தத் தெருதான்னா, அதுக்கும் ஒரு பங்குப் பொறுப்பு உண்டு. வளர்த்த பிள்ளை தப்புப் பண்ணிட்டா, "இது எங்க பிள்ளையே இல்லை"ன்னு பக்கத்து வீட்டு வாசலில் விட்டுட்டு வர முடியுமா?

ஒரு நாடு அனுப்பலாம். ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி, ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை எதிரில் உட்கார வெச்சு, "நீ யாரு, எங்கே வளர்ந்தே, யார் இருக்காங்க, இப்ப எப்படி இருக்கே?"ன்னு கேட்கணும். அனுப்பணும்னு முடிவு பண்ணிட்டா சீக்கிரம் அனுப்பணும். முடியலைன்னா கதவைத் திறக்கணும். கேட்கறது இவ்வளவுதான்.

மெக்கானிக்கல் தம்பி, உனக்கும் ஒரு வேலை. புனோம் பென்னில் அந்தத் தெருப் பசங்க வாசலில் வந்து நின்னப்ப, கே.கே. முதலில் விரட்டத்தான் செஞ்சார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். மனசு மாறிடுச்சு. நீயும் அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி படிக்கும்போது, 'எத்தனை பேர்'னு பார்க்கறதுக்கு முன்னாடி 'யார்'னு ஒரு தடவை பாரு. அதுக்கு அப்புறமும் "பார்சல் பண்ணுங்க"ன்னு நீ சொன்னா, உட்கார்ந்து பேசலாம். பஜ்ஜி என் செலவு!

அடுத்த வாரம் பார்க்கலாம் ஃப்ரெண்ட்ஸ்...